கிணற்றிலிருந்து தொடங்குங்கள்: தோட்டத்து உணவுப் பாதுகாப்புத் திட்டம் பற்றித் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: விவசாயப் பணிப்பாளர் நாயகம், பேராதனை, கிழக்கு மாகாண விவசாயப் பணிப்பாளர், உணவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் சுகாதார அதிகாரிகள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

நல்ல விவசாய நடைமுறைகளுக்கென எஸ்.எல்.எஸ் 1523 என்ற இலங்கைத் தர நியமம் நாட்டில் இருக்கிறது. அதையொட்டிச் சான்றிதழ் வழங்கும் திட்டமும் இருக்கிறது. இரண்டையும் மனமார வரவேற்கிறோம். அதை நாட்டின் எல்லா மரக்கறி, பழச் செய்கையாளர்களுக்கும் விரிப்பதென்றால் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யாரை, எதைச் சான்றுப்படுத்தப் போகிறோம்?

சான்றிதழ் என்றாலே ஒரு விவசாயி, ஒரு காணி, ஒரு கோப்பு என்று நினைப்பது வழக்கம். நிலாவெளி தொடங்கிக் குச்சவெளி வரையுள்ள மணற்பாங்கான கரையில் இந்தக் கணக்கு சரிவராது. அங்கே சின்ன வெங்காயமும் மிளகாயும் கீரையும் கால் ஏக்கர், அரை ஏக்கர் துண்டுகளில் செய்யப்படுகின்றன. பல துண்டுகள் குத்தகைக்கு எடுத்தவை. கிணறு காணிக்காரருடையது. ஒரே கிணற்றில் நாலைந்து பேர் முறைவைத்து இறைப்பார்கள். கோப்பில் கையெழுத்திடுகிறவருக்குக் கிணற்றுக்கட்டை உயர்த்தவும் அதிகாரமில்லை, பக்கத்து வளவின் மலசலகூடக் குழியை நகர்த்தச் சொல்லவும் அதிகாரமில்லை. அடுத்த போகத்துக்கு அவர் வேறு காணிக்குப் போய்விடுவார். சான்றிதழும் அவரோடு போய்விடும். கிணறு அப்படியே கிடக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். நீர்மூலத்தை அலகாக வையுங்கள். ஒரு கிணறு, ஒரு குழாய்க்கிணறு, அல்லது வாய்க்காலின் ஒரு மதகு; அதிலிருந்து இறைக்கும் எல்லாரும் ஒரு குழு; அந்தக் குழுவுக்கு ஒரு இலக்கம். குத்தகைக்காரர் மாறினாலும் இலக்கம் மாறாது. காணிக்காரரும் குழுவில் ஓர் உறுப்பினராக ஒப்பமிட வேண்டும். இதற்காகப் புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்கத் தேவையில்லை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் கமக்காரர் அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் உட்குழுவாகவே இது இயங்கலாம்.

நீரை ஏன் முன்னே வைக்கிறோம் என்றால், மற்ற எந்தத் தவறும் ஒரு பாத்தியோடு நிற்கும், நீரின் தவறு நாலு தோட்டத்துக்கும் போகும். கடற்கரை மணல் மழைநீரை எவ்வளவு வேகமாக உள்வாங்குகிறதோ, அதே வேகத்தில் குழியின் கழிவுநீரையும் கிணற்றுக்குக் கொண்டுவரும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 15 மீற்றர், அதாவது 50 அடி, என்று நாம் சொல்லும் தூரம் கோடையில் போதுமாக இருக்கலாம். வாடைக்காற்றோடு மழை கொட்டி, நிலத்தடி நீர் குழியின் அடிமட்டத்தைத் தொட்டபின், அந்த 50 அடியை மட்டும் நம்பக்கூடாது. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் வேறு நிலைமை. அங்கே வாய்க்கால் நீர். அதில் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், மாடு இறங்குகிறது. மூதூர், வெருகல் பக்கம் மகாவலியின் கடைசி நீர். மேலே எத்தனையோ ஊர்களைத் தாண்டி வந்தது. மூன்றுக்கும் ஒரே படிவம் கொடுத்தால் மூன்றிலும் பொய்தான் நிரப்பப்படும்.

ஒரே எண்ணை எல்லா நீருக்கும் விதித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2015 இல் வந்த அவர்களுடைய விதி, பாசன நீரில் 100 மில்லிலீற்றருக்கு, மலக்கலப்பைக் காட்டும் ஈ. கோலைக் கிருமியின் பெருக்கற் சராசரி 126, பத்தில் ஒன்பது மாதிரி தாண்டக்கூடாத உச்ச அளவு 410 என்று கோடு போட்டது. தோட்டங்கள் பலவிதம், நீர்மூலங்கள் பலவிதம் என்பதால் அதை நடைமுறைப்படுத்த முடியாமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2024 இல் அந்த எண்களைக் கைவிட்டார்கள். இப்போது ஆண்டுதோறும் நீர் எங்கிருந்து வருகிறது, வழியில் எது கலக்கிறது, எப்படிப் பாய்ச்சப்படுகிறது, எந்தப் பயிர் என்று பார்த்து மதிப்பிடச் சொல்கிறார்கள். அவர்கள் பத்தாண்டு சுற்றி வந்து சேர்ந்த இடத்திலிருந்தே நாம் புறப்படலாம்.

அறுவடைக்குப் பின் படும் நீர் வேறு கதை. கழுவும் நீர், கை கழுவும் நீர், கூடை அலசும் நீர் எல்லாவற்றுக்கும் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ் 614 இல் உள்ளபடி 100 மில்லிலீற்றரில் ஈ. கோலை பூச்சியம். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

பரிசோதனை எப்படி நடக்கவேண்டும் என்பதையும் திட்டத்திலேயே எழுதுங்கள். இங்கேதான் நல்ல திட்டங்கள் வழுக்குகின்றன. மாதிரியைக் கிணற்றின் மேற்பரப்பிலிருந்து வாளியால் அள்ளக்கூடாது. பம்பியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, பயிரில் நீர் விழும் ஓஸின் முனையில், கிருமியழித்த போத்தலில் பிடிக்கவேண்டும். பல வேளைகளில் கிணறு சுத்தமாக இருக்கும், பாசி பிடித்த ஓஸ் அழுக்காக இருக்கும். குளோரின் இட்ட நீரென்றால் போத்தலில் சோடியம் தயோசல்பேற்று இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பயண நேரத்திலும் குளோரின் கிருமியைக் கொன்று, சுத்தமான நீர் என்ற பொய் முடிவு வரும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வுகூடத்துக்குச் சேர்க்கவேண்டும், 24 மணித்தியாலத்தைத் தாண்டிய மாதிரியை ஏற்கக்கூடாது. புல்மோட்டையிலிருந்து பஸ்ஸில் வெயிலோடு வரும் போத்தலுக்குப் பணம் செலவழிப்பது வீண். இடைக்காலத்தில் ஐதரசன் சல்பைட்டுக் குப்பிச் சோதனையைக் குழுக்களுக்குக் கொடுக்கலாம். குப்பியில் நீரை விட்டு ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருக்கும் நீர் கறுக்கும். இயல்பாகவே சல்பைட்டு உள்ள நிலத்தடி நீரும் கறுக்கும் என்பதால் அதை வைத்துத் தண்டிக்கக்கூடாது. எந்தக் கிணற்றுக்கு ஆய்வுகூடச் சோதனை முதலில் தேவை என்று வரிசைப்படுத்த அது போதும். முதலாண்டில் ஒரு நீர்மூலத்துக்கு ஐந்து மாதிரி கேட்கிறோம்: கோடையில் மூன்று, மாரி தொடங்கியதும் ஒன்று, பெருமழைக்குப் பின் ஒன்று. கோடையில் மட்டும் எடுத்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தெரியும்.

முடிவு சரியில்லை என்றால் என்ன செய்வது? "பாவிக்காதே" என்று எழுதுவது சுலபம். வேறு நீர் இல்லாதவருக்கு அது பதிலாகாது. ஓஸால் இலைமேல் அடிப்பதை நிறுத்திச் சொட்டு நீருக்கோ சால்வழிப் பாய்ச்சலுக்கோ மாறலாம். கடைசி நீர்ப்பாய்ச்சலுக்கும் அறுவடைக்கும் இடையில் நாலு நாள் விடலாம். வெயிலிலும் உலர்விலும் கிருமி நாளொன்றுக்கு அரை மடக்கை (log), அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக, குறையும் என்று கொள்வது அந்த அமெரிக்கக் கணக்கு, நாலு நாளில் நூறில் ஒரு பங்காகும். அதுவும் முடியாவிட்டால் அந்த நீருக்குப் பயிரை மாற்றுங்கள்: சமைத்தே உண்ணும் கத்தரி, வெண்டி, பாகல், பயற்றை. பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரையை அந்த நீரில் வைக்கக்கூடாது. திட்டத்தில் முதலிடமும் வல்லாரை, பொன்னாங்காணி, சலாது இலை, வெள்ளரி, தக்காளி போன்றவற்றுக்கே. உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் கோடையில் கேட்பதும் இவைதான். எல்லாப் பயிரையும் ஒரே நாளில் பிடிக்கப் போகவேண்டாம்.

வெள்ளம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளநீர் உண்ணும் பகுதியைத் தொட்டுவிட்டால் அந்த விளைச்சல் விற்பனைக்கு உரியதல்ல. எந்தக் கழுவலும் அதைத் திருத்தாது. இந்த விதியை எழுதும் அதே நாளில் இழப்பீட்டுக்கும் வழி எழுதுங்கள். இழப்பீடு இல்லாத தடை, வெள்ளத்தில் நனைந்த மரக்கறியை இரவோடிரவாகச் சந்தைக்கு ஏற்றும். பயிர்க் காப்புறுதியில் "வெள்ளம்பட்டதால் விற்கமுடியாதது" என்பதும் இழப்பாகச் சேரவேண்டும். பயிர் செத்தால்தான் இழப்பு என்ற கணக்கு இங்கே உதவாது.

எருவுக்கு வருவோம். மாட்டெருவும் கோழியெருவும் இல்லாமல் இந்த மணலில் எதுவும் வராது. ஆனால் பச்சை எரு, அதாவது மக்கவைக்காத எரு, இட்டதற்கும் அறுவடைக்கும் இடையில், உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிருக்கு 120 நாள், தொடாததற்கு 90 நாள் என்பது அமெரிக்க சேதன விவசாய விதி. மாதத்துக்குள் பிடுங்கும் கீரைக்கு 120 நாள் எங்கே போவது? ஆகவே கீரைக்குப் பச்சை எருவே கூடாது, வெந்த கூட்டெரு மட்டும். வெந்தது என்றால் நாள்பட்டது என்று பொருளல்ல. ஆறு மாதம் மூலையில் கிடந்த குவியல் உள்ளே சூடேறாமலே கிடந்திருக்கலாம். குவியல் எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மீற்றர் இருக்கவேண்டும். சிறியது சூட்டைப் பிடித்து வைக்காது. கோழியெருவோடு வைக்கோல் கலக்காவிட்டால் அமோனியா நாற்றமாகத் தழைச்சத்துப் பறந்துவிடும். 55 பாகை செல்சியசுக்கு மேல் 15 நாள், அதற்குள் ஐந்து தரம் புரட்டல். வெளியே இருந்தது ஒவ்வொரு முறையும் உள்ளே போகவேண்டும். நீண்ட தண்டுள்ள வெப்பமானி ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். அதுவரை இரும்புக் கம்பியை நடுவில் பத்து நிமிடம் குத்திவைத்து எடுத்துப் பார்க்கலாம். பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தால் இன்னும் சூடு போதாது. மாரியில் குவியலைப் பொலித்தீனால் மூடவேண்டும், கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் வைக்கக்கூடாது. பச்சை எருவை அள்ளிய மண்வெட்டியால் வெந்ததை அள்ளினால் செய்த வேலை அத்தனையும் போச்சு.

கட்டாக்காலி மாடுகளையும் இங்கே சொல்லவேண்டும். 2006 இல் அமெரிக்காவில் பசளிக்கீரை போன்ற ஸ்பினாச் கீரையால் சுமார் 200 பேர் நோயுற்று மூவர் இறந்தபோது, அதே கிருமி வகை தோட்டத்தின் அயலிலிருந்த மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றியிலும் ஆற்றுநீரிலும் கிடைத்தது. இரவில் மாடு புகுந்த பாத்தியில், சாணம் கிடந்த இடத்தைச் சுற்றி அடையாளக் குச்சி நட்டு, அதற்குள் இருப்பதை அறுக்காமல் விடுவது எந்தச் செலவும் இல்லாத வேலை. சாணத்தை அள்ளி எறிந்துவிட்டு அறுப்பதுதான் தவறு.

மருந்து விடயத்தில் எல்லாரும் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் கண்ணில் பெரிய சிக்கல் நாள். மருந்தடித்ததற்கும் அறுவடைக்கும் இடையில் விடவேண்டிய நாள் லேபிளில் இருக்கிறது. வெண்டியை ஒன்றுவிட்டு ஒருநாள் பிடுங்குகிறோம். பிடுங்கத் தொடங்கிய வெண்டிக்கு, 14 நாள் விடச்சொல்லும் மருந்தை அடித்தால் ஏழு பிடுங்கலை எறியவேண்டும். யாரும் எறியமாட்டார்கள். அந்த விவசாயியைக் கெட்டவராகப் பார்ப்பதில் பயனில்லை. திட்டமிடல் இல்லாமல் போனதே காரணம். நீண்ட நாள் விடவேண்டிய மருந்து, பூக்கும் முன்னரோடு முடியவேண்டும். பிடுங்கும் காலத்தில் குறுகிய நாள் மருந்தும், புழு விழுந்த குருத்தையும் காயையும் கிள்ளி அழிப்பதும், பொறியும் வலையும்தான். பயிருக்குப் பயிர், பதிவுபெற்ற மருந்துகளை "பூக்குமுன்", "பிடுங்கும்போது" என்று இரண்டே நிரலாகப் பிரித்து, தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளாக பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகம் வெளியிட்டு, ஒவ்வொரு மருந்துக் கடையிலும் ஒட்டவேண்டும். மருந்தைப் பரிந்துரைப்பவர் பெரும்பாலும் கடைக்காரர்தான். அவரைத் திட்டத்துக்கு வெளியே விட்டு எதையும் சாதிக்க முடியாது.

நிறுத்தவேண்டிய பழக்கங்கள் இன்னும் சில: வயலுக்குக் களைநாசினி அடித்த டாங்கியையே மரக்கறிக்கும் பாவிப்பது, டாங்கியைக் கிணற்றடியில் வைத்துக் கலப்பது, மருந்தில் நனைத்த விதை வெங்காயம் மீந்தால் கறிக்கு விற்பது, யூரியா வந்த பையில் மரக்கறி கட்டுவது. வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அலசிய நீரை டாங்கியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டுச் சேர்த்துவைக்கவேண்டும். சேர்த்ததை யார் வந்து எடுப்பது என்பதைத் திட்டம் சொல்லாவிட்டால் அது வாய்க்காலுக்குத்தான் போகும்.

கழுவுவது பற்றி ஒரு தப்பெண்ணத்தைத் திருத்துங்கள். எல்லாவற்றையும் கழுவவேண்டியதில்லை, பல காய்களுக்கு உலர்ந்த துணியால் துடைப்பதே மேல். வெயிலில் சூடேறிய தக்காளியை உடனே குளிர்ந்த கிணற்றுநீரில் போட்டால், உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, காம்படி வழியாக நீரையும் கிருமியையும் உள்ளே இழுக்கும். பிறகு எந்தக் குளோரினும் அதை எட்டாது. முதலில் நிழலில் ஆறவிடவேண்டும். கீரைக்கு முதல் தொட்டியில் மண் போக அலசல், இரண்டாம் தொட்டியில் குளோரின். 5 வீதத் திரவக் குளோரினில் 20 மில்லிலீற்றரை 10 லீற்றர் நீரில் விட்டால் 100 பி.பி.எம் (பத்து இலட்சத்தில் 100 பங்கு), ஒன்றிரண்டு நிமிடம், பிறகு குடிநீரில் ஓர் அலசல். நீரின் அமில-கார அளவான பி.எச் 6.5 முதல் 7.5 வரை இருந்தால்தான் வேலைசெய்யும். மண் கலங்கிய நீரில் குளோரினை எவ்வளவு விட்டாலும் மண்ணே அதைத் தின்றுவிடும். சோதனைத் தாள் இல்லாமல் மணத்தை வைத்து அளவு சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை.

மலசலகூடமும் சவர்க்காரமும் ஐந்து நிமிட நடைக்குள் இருக்கவேண்டும் என்பது எல்லாப் புத்தகத்திலும் உண்டு. வயிற்றோட்டம் உள்ளவர் அது நின்று 48 மணித்தியாலம் வரை அறுவடையைத் தொடக்கூடாது என்பதும் உண்டு. நாட்கூலி வேலையாள் அதை ஏன் வாய்திறந்து சொல்லப்போகிறார்? சொன்னால் இரண்டு நாள் சம்பளம் போகும். அந்த நாட்களில் களைபிடுங்கல், வேலி கட்டல் என்று அறுவடை சாராத வேலை கொடுக்கும் ஏற்பாடு குழுவின் ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும்.

இனி ஆளுகை. 2011 இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பண்ணையின் முலாம்பழத்தால் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 147 பேர் நோயுற்று 33 பேர் இறந்தார்கள். பொதிசெய்யும் இடத்தில் நீர் தேங்கியது, கழுவுவதற்குச் சிரமமான இயந்திரம், கழுவும் நீரில் குளோரின் இல்லை. அந்தப் பண்ணைக்கு நோய் பரவுவதற்குச் சற்று முன்னர்தான் தனியார் தணிக்கையில் 96 புள்ளி கிடைத்திருந்தது. அந்தத் தணிக்கைக்குப் பணம் கட்டியது பண்ணைதான். வீதியோரம் வத்தகப்பழம் வெட்டி விற்கும் எங்கள் மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தியல்ல: தோலில் இருப்பதைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது.

ஆகவே நியமத்தை எழுதுபவர், கற்பிப்பவர், சரிபார்ப்பவர் மூவரும் வெவ்வேறாக இருக்கட்டும். தனக்குக் கற்பித்த போதனாசிரியரே வந்து புள்ளி போடுவது இருவருக்குமே அநியாயம். தணிக்கைக் கட்டணம் தோட்டக்காரரின் கையிலிருந்து தணிக்கையாளரின் கைக்குப் போகக்கூடாது. பொது நிதியொன்றினூடாகப் போகவேண்டும். ஒரே ஆள் ஒரே குழுவுக்கு இரண்டாண்டுக்கு மேல் வரக்கூடாது. தணிக்கை, அறுவடை நடக்கும் நாளில் நடக்கவேண்டும். வெறுங்காணியையும் கோப்பையும் பார்ப்பதில் அர்த்தமில்லை. எல்லாத் தோட்டத்தையும் ஆண்டுதோறும் பார்க்க ஆளில்லை என்பது எங்களுக்குத் தெரியும். குளோபல்காப் என்ற சர்வதேச விவசாய நியமத்தின் குழுச் சான்றிதழில் வெளித் தணிக்கை உறுப்பினர் தொகையின் வர்க்கமூலம் அளவுக்குத்தான்: 100 தோட்டத்துக்கு 10, 25 க்கு 5. மீதியைக் குழு தானே உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளும். கிணற்றுக் குழுவுக்கு அது இயல்பாகப் பொருந்தும். அயலவரின் நீர் தன் நீரும்தானே.

நியமத்தைத் தீர்மானிக்கும் சபையில் பாதி இடம் செய்கையாளருக்கு வேண்டும். கனடாவில் இதே வகைத் திட்டத்தைச் செய்கையாளர் அமைப்பான தோட்டக்கலைக் கவுன்சிலே உருவாக்கியது. 2012 இல் இலாபநோக்கற்ற தனி நிறுவனமொன்றுக்கு அதை மாற்றினார்கள். தணிக்கையும் சான்றிதழும் வேறு நிறுவனங்களின் கையில். தொழில்நுட்பம் சரியா என்று பார்ப்பது அரசு. அப்படியே பெயர்த்துவைக்கச் சொல்லவில்லை. இங்கே விவசாயப் போதனை மாகாணத்தின் கையில், நியமம் மத்தியின் கையில், உணவுச் சட்டம் சுகாதாரத்தின் கையில் இருக்கிறது. மூன்றும் எழுத்தில் ஒப்பந்தம் செய்யாவிட்டால் கிணறு கெட்டதென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரிந்தது விவசாயப் போதனாசிரியருக்குத் தெரியாமலே போகும்.

விதி மாற்றத்துக்கு ஒரு முழுப் போகம் முன்னறிவிப்பு வேண்டும். 2011 டிசம்பரில் மரக்கறியைப் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்றவேண்டும் என்று திடீரெனக் கட்டாயமாக்கியதும், தம்புள்ளையில் எழுந்த எதிர்ப்பும், பின்வாங்கலும் நினைவிருக்கும். கூடை நல்ல யோசனை. வெறுங்கூடை எப்படித் திரும்பி வரும், யார் அதைக் கழுவுவது என்பதற்கு விடையில்லாமல் வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைத் தடை வந்து நவம்பரில் நீங்கியதையும் எந்தக் கமக்காரரும் மறக்கவில்லை. இந்தத் திட்டமும் அப்படி ஒரு வர்த்தமானியோடு வந்தால், அதில் உள்ள நல்லதும் சேர்ந்து அடிபடும்.

பிழை கண்டால் இரண்டே வகை: உடனே விற்பனையை நிறுத்தவேண்டியது, ஒரு போகத்துக்குள் திருத்தவேண்டியது. கழுவும் நீரில் ஈ. கோலை, நாள் முடியாமல் பிடுங்கியது, வெள்ளம்பட்டது ஆகியவை முதல் வகை. தானே முன்வந்து அறிவித்த குழுவின் இலக்கத்தை நீக்கக்கூடாது. நீக்கினால் அதன்பின் எவரும் வாய்திறக்கமாட்டார்கள். பதிவேடு ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்: திகதி, பாத்தி, என்ன செய்தோம், எவ்வளவு. ஒவ்வொரு கூடையிலும் சாக்கிலும் கிணற்று இலக்கமும் பிடுங்கிய திகதியும் எழுதிய துண்டு கட்டப்பட்டால், தம்புள்ளையில் பத்து ஊர் மரக்கறி ஒரே லொறியில் கலந்தாலும் பின்னால் தேடி வரமுடியும்.

வரும் பெரும்போகத்துக்கு முன்னர் மூன்று இடத்தில் இதைச் செய்துபார்க்கக் கேட்கிறோம்: குச்சவெளிக் கரையில் பத்துக் கிணறு, தம்பலகாமத்தில் ஒரு வாய்க்கால், மூதூரில் மகாவலிக் கரையின் ஒரு மதகு. முதல் மாதிரிகள் கோடை முடிவதற்குள் எடுக்கப்படவேண்டும். மழை தொடங்கிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கக் கோடை முடிவுகள் இல்லாமல் போகும். குழுக்களைச் சேர்ப்பதும், மாதிரியை நேரத்தோடு கொண்டுவந்து ஒப்படைப்பதும், பதிவேட்டைத் தமிழில் வரைவதும் எங்கள் பொறுப்பு. ஆய்வுகூடச் செலவும், போத்தலும், மூன்று திணைக்களங்களும் ஒப்பமிட்ட ஒரு கடிதமும் உங்களிடமிருந்து வேண்டும்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்ட மரக்கறிச் செய்கையாளர்களும்
அவர்களோடு பணியாற்றும் விவசாய, சுகாதாரத் துறையினரும்